எண்பத்தோராவது சேலை

கைலியைப் பார்க்காதீங்க சார். நீங்க பார்க்கலைன்னு சொன்னாலும் பார்த்தீங்க. பரவாயில்லை. மேலே வெள்ளைச் சட்டை, நெத்தியில விபூதி, கீழே கோடு போட்ட கைலின்னா யாரா இருந்தாலும் பார்க்கத்தான் செய்வாங்க. இந்தக் கோலத்துல மாமியார் வீட்டுக்குப் போறேன்னு சொன்னா இன்னும் நல்லாவே பார்ப்பீங்க. ஆமாம், அங்கேதான் போறேன். வேட்டி இல்லாம இல்லை. ரெண்டு வேட்டி இருக்கு. ரெண்டும் இப்பக் கொல்லைக்காட்டுல நிக்குது. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

அந்தத் தண்ணி பாட்டிலை மட்டும் அந்தப் பக்கம் வையுங்க. இந்தப் பையில சொட்டிடப் போகுது. உள்ளே இருக்கிறது ஒரே ஒரு சேலைதான். ஆனா மூணு ஏக்கர் மக்காச்சோளம் அதை நம்பித்தான் நிக்குது. கருது முத்திடுச்சு. பத்து நாளுக்குள்ள ஒடிச்சு வீடு சேர்க்கணும். அதுக்குள்ள என் பொண்டாட்டி கொளஞ்சி வீட்டுக்கு வந்தாகணும். அவ வரலைன்னா கருது ஒடிக்க ஒரு ஆளும் எங்க ஊருல வரமாட்டேங்குது. ‘கொளஞ்சியக்கா வரட்டும், வர்றோம்’ங்கிறாளுங்க. நிலம் யார் பேருல இருக்கு? என் பேருல. பட்டாவுல தெளிவாப் போட்டிருக்கு, பூவராகன்னு. அதை எடுத்துக் காட்டினேன். ஒருத்தியும் படிச்சுப் பார்க்கலை.

நரிமேட்டுல இறங்கணும். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும், இந்த டவுன் பஸ் போற வேகத்துக்கு. நீங்க எதுவரைக்கும்? ஓகோ, கடைசி ஸ்டாப்பா. என்ன வேலையா இந்தப் பக்கம்?

கோழித்தீவனக் கம்பெனியிலயா! அட, அப்படிப் போடுங்க. அப்ப நீங்க நமக்குச் சம்பந்தி மாதிரி. எங்க சோளத்தைத்தானே உங்க கோழி திங்குது. நல்லாத் திங்குதா? திங்கட்டும், திங்கட்டும். ஏக்கருக்கு என்ன செலவாகுதுன்னு ஊர் ஊராக் கேட்டுக்கிட்டு வர்றீங்களா? சரியான ஆள்கிட்டதான் வந்து உட்கார்ந்திருக்கீங்க. இந்த வருஷம் செலவு ஏறின மாதிரி என் ஆயுசுல ஏறினது இல்லை. விரல் விட்டு எண்ணியே காட்டிடுவேன். ஆனா என் கை ரெண்டும் பையைப் பிடிச்சிருக்கு. உங்க கையைக் கொஞ்சம் கொடுங்க. கூச்சப்படாதீங்க சார், விரலை மடக்கத்தான் கேக்குறேன். ரெண்டு கையையும் விரிச்சு வையுங்க.

கட்டைவிரல், உழவு. டிராக்டர்காரன் மணிக்கு இவ்வளவுன்னு வாங்குறான். டீசல் ஏறினா ஏத்துறான். டீசல் இறங்கினா, ‘ஏறும் பாருங்க’ன்னு சொல்லி அப்பவும் ஏத்துறான். மடக்கிட்டீங்களா? ஆள்காட்டி விரல், விதை. நாலு கிலோப் பை ஒண்ணு ரெண்டாயிரத்தைத் தொடப்போகுது. மூணு ஏக்கருக்கு ஆறு பை. பை மேல கருது படம் போட்டிருக்கான் பாருங்க, அதுல ஒரு மணி கம்மியா இருக்கட்டும்! படத்துல இருக்கிறது கொல்லையில வந்துட்டா நான் ஏன் டவுன் பஸ்ல போறேன்? நடுவிரல், அடியுரம். அதோட விலையைச் சொல்லி உங்களையும் எதுக்கு வருத்தப்படுத்தணும்.

மோதிர விரல், மறுபடியும் விதை. ஏன் ரெண்டாந்தடவைன்னா, பன்னி.

காட்டுப்பன்னி சார். ஓடைக்கு அந்தப் பக்கம் கருவக் காட்டுல ஒரு கூட்டம் இருக்கு. புரட்டாசியில மழை பெய்ஞ்சுது, விதை போட்டோம். மறுநாள் காலையில போய்ப் பார்த்தா, போட்ட சால்லயே வரிசையா மூக்கை விட்டு ஒவ்வொரு விதையா எடுத்துத் தின்னுட்டுப் போயிருக்கு. ஒரு சால் கோணலா இல்லை. நான் விதை போட்டப்பகூட அவ்வளவு நேரா வரலை. பக்கத்துக் கொல்லைக்காரன் வைத்தி வந்து நின்னு பார்த்துட்டு, “ஏம்ப்பா பூவராகா, பன்னி அவதாரம் எடுத்த சாமி பேரை வெச்சுக்கிட்டு இருக்க. சொந்தக்காரங்களை நீயே பேசி அனுப்பக் கூடாதா?”ன்னான். அவன் கொல்லையில பருத்தி. பன்னி பருத்தி திங்காது. அதனால அவனுக்குச் சிரிப்பு வரும்.

பன்னிக்கு எங்க பக்கத்துல ஒரே மருந்துதான். சேலை. கொல்லையைச் சுத்திக் குச்சி நட்டு, பழைய சேலையைப் பிரிச்சு வேலி மாதிரிக் கட்டிடுவோம். நீங்க வர்ற வழியில பார்த்திருப்பீங்களே, பச்சை, சிவப்பு, ஊதான்னு கொல்லையெல்லாம் திருவிழா மாதிரி இருக்கும். கட்டிக் கழிச்ச சேலையா இருக்கணும். மனுச வாடை அதுல இருக்கும். காத்துக்கு ஆடும். பன்னி ஆள் நிக்குதுன்னு நினைச்சுத் திரும்பிடும். என் நிலம் எவ்வளவுன்னு தாசில்தார் கேட்டா மூணு ஏக்கர்னு சொல்வேன். பன்னி கேட்டா எண்பத்தொரு சேலைன்னு சொல்வேன். நானே அளந்தது.

அதுல நாப்பது, கொளஞ்சி கட்டிக் கழிச்சதும், தெருவுல வீடு வீடாப் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்ததும். அதுக்குச் செலவு இல்லை. மிச்சம் சந்தையில பழைய சேலைக்காரன்கிட்ட. ஒண்ணு முப்பத்தஞ்சு ரூபா! முன்னேயெல்லாம் பழைய சேலையைக் கொண்டுபோனா பிளாஸ்டிக் குடம் கொடுப்பான். இப்பக் குடத்துக்காரன் நம்மகிட்ட விக்கிறான். சுண்டு விரலை மடக்குங்க சார். சேலை.

சரி, நாப்பது வாங்கிட்டேன். மொத்தம் எண்பது. இன்னும் ஒண்ணு வேணும். நான் கேட்டேன், “நாப்பது எடுத்திருக்கேன், ஒண்ணு கொசுறு போடுப்பா.” நியாயம்தானே? கீரைக்காரம்மா ரெண்டு கட்டுக் கீரைக்கு ஒரு கொத்து மல்லித்தழை போடுது. நாப்பது சேலைக்கு ஒரு சேலை போடக் கூடாதா? அவன், “பெரியவரே, கொசுறெல்லாம் கீரையோட போச்சு, முப்பத்தஞ்சு எடுங்க”ன்னான். நான் கொடுக்கலை. முப்பத்தஞ்சு ரூபாய்க்காக இல்லை சார். ஒரு முறைன்னு இருக்கில்ல? நான் அப்படியே மூட்டையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

எண்பது சேலையையும் கட்டினேன். ஓடைப் பக்கம் சரியா ஒரு சேலை நீளத்துக்கு வாய் திறந்து கிடக்கு. பன்னி வர்ற வழியே அதுதான். வாசல் கதவு இல்லாம வீடு கட்டின மாதிரி. அப்ப ஒரு யோசனை வந்தது. வீட்டுல கொளஞ்சியோட டிரங்குப் பெட்டியில ஒரு சேலை சும்மாவே கிடக்கு. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. நூறு நாள் வேலைக்குப் போன காசுல அவளா எடுத்தது. தம்பி வீடு குடிபோனப்ப ஒரு தடவை கட்டினா. அப்புறம் மடிச்சு, நடுவுல வேப்பிலை போட்டு உள்ளே வெச்சுட்டா. மூணு வருஷமா வேலையில்லாம இருக்கு. கொல்லையில வேலை இருக்கு. ரெண்டையும் சேர்த்து வெச்சேன். என்ன தப்பு?

அன்னைக்கு அவ மணல் குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டுக் கொல்லைக்கு வந்தா. படைப்புழு இருக்குல்ல சார், சோளக் குருத்துக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு உள்ளேயே தின்னும். ஒவ்வொரு குருத்துலயும் ஒரு சிட்டிகை மணல் போட்டா அதுக்கு உறுத்தும், செத்துடும். ஓடைப் பக்கம் வந்தவ அந்த மஞ்சளைப் பார்த்துட்டு நின்னா. நானாத்தான் சொன்னேன், “இங்கேதான் பன்னி அதிகம். அதான் இருக்கிறதுலயே நல்ல சேலையாப் பார்த்துக் கட்டினேன்.” பெருமையாத்தானே சொன்னேன்? “நீ அதைக் கட்டிக்கிட்டு எங்க போகப் போற?”ன்னும் கேட்டேன். சாதாரணமாக் கேட்டதுதான். அவ மிச்சம் இருந்த பதினோரு சாலுக்கும் மணல் போட்டு முடிச்சா. வீட்டுக்கு வந்தா. கத்தரிக்காய்க் குழம்பு வெச்சா. நல்லா இருந்தது. சண்டைன்னு ஒரு வார்த்தை கிடையாது. மறுநாள் காலையில முதல் பஸ்ல நரிமேட்டுக்குப் போயிட்டா.

ஏன் போனான்னு இன்னைக்கு வரைக்கும் தெளிவாத் தெரியலை. சேலைக்காகத்தான் இருக்கும்னு வைத்தி பொண்டாட்டி சொல்லுது. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் இலவசம் சார். போகச் செலவில்லை, போயிட்டா. கூட்டிக்கிட்டு வர எனக்குத்தான் டிக்கெட்.

அந்தக் கை மூடியாச்சா? அதை மடியில வெச்சுக்குங்க. இந்தக் கையை நீட்டுங்க. போன வருஷம் மொத்தச் சாகுபடியும் ஒரே கையில முடிஞ்சுது சார். இந்த வருஷம் ரெண்டாவது கை வேணும். அவ்வளவு ஏறியிருக்கு. உங்க கம்பெனியில இதை அழுத்திச் சொல்லுங்க.

கட்டைவிரல், களை. ஆளுக்கு முந்நூறு ரூபா கூலி, ரெண்டு வேளை டீ, ஒரு வேளை வடை. அதுவும் பத்து மணிக்கு வந்து, “எந்தக் களையைண்ணே எடுக்கணும்?”னு கேப்பாங்க. வளர்ந்தது களையா பயிரான்னு நான் பக்கத்துல நின்னு காட்டணும். ஆள்காட்டி விரல், மணல். சிரிக்காதீங்க. மணலுக்குக் காசு இல்லை, மணலை எடுத்துப் போடுற விரலுக்குக் காசு. குருத்துக்குக் குருத்து குனியணும். நானே போட்டுப் பார்த்தேன், மூணு சாலுக்கு மேல இடுப்பு நிமிரலை. மூணு ஏக்கருக்கும் அவ எப்படிப் போட்டான்னு கேட்டா, அவளுக்குப் பழக்கம் சார்.

நடுவிரல், மேலுரம் வைக்கிற கூலி. ஒவ்வொரு செடிக்கும் அடியில அளவா வைக்கணும். கூலி ஆள் கைப்பிடி கைப்பிடியா அள்ளி வெச்சுப் பாதிக் கொல்லையிலயே மூட்டையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். மோதிர விரல், கிளி. பால் பிடிச்ச கருதைக் கிளி கொத்தும். தகரம் தட்டி விரட்ட ஒரு ஆளை நாள் கூலிக்கு வெச்சேன். மத்தியானம் போய்ப் பார்த்தா, காவல் பரண்ல அவர் தூங்குறார். அவர் தலைப்பாகை மேல ஒரு கிளி உட்கார்ந்து கருது திங்குது. அந்தக் கிளிக்கும் சேர்த்து நான் கூலி கொடுத்த மாதிரி ஆச்சு.

சுண்டு விரலை இன்னும் மடக்காதீங்க. ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சு. அது பாட்டுக்கு நிக்கட்டும்.

என்ன கேட்டீங்க? போன வருஷம் இந்த நாலு வேலையும் யார் செஞ்சதா? போன வருஷம் ஆளே வைக்கலை சார். வீட்டு ஆள்தான். கொளஞ்சி இருந்தா இல்ல? அதுக்கு என்ன கூலி? வீட்டு ஆளை யாராவது எண்ணுவாங்களா? நீங்க கணக்குல கெட்டிக்காரரா இருப்பீங்க, ஆனா விவசாயம் தெரியலை. நான் சொல்றது கூலி ஏறினதைப் பத்தி.

அதோட விட்டுச்சா? பசு ஒண்ணு இருக்கு, சிவப்பின்னு பேரு. அது கொளஞ்சி கைக்குத்தான் பால் கொடுக்கும். நான் கிட்டப் போனா உதை. வைத்தி பொண்டாட்டிதான் வழி சொல்லுச்சு, “கொளஞ்சி கட்டுற சேலையைப் போர்த்திக்கிட்டுப் போங்கண்ணே, வாடைக்கு நிக்கும்”னு. நல்ல யோசனைதான். ஆனா அவ கட்டிக் கழிச்ச சேலையெல்லாம் எங்கே இருக்கு? வேலியில! பசுவுக்கும் அந்தச் சேலை வேணும், பன்னிக்கும் அந்தச் சேலை வேணும். நான் என்ன செய்வேன்? விடிகாலையில கொல்லைக்குப் போய்ப் பச்சைச் சேலை ஒண்ணை அவிழ்ப்பேன். தலையோட முக்காடு போட்டுக்கிட்டு வந்து பால் கறப்பேன். திரும்பக் கொண்டுபோய்க் கட்டுவேன். இப்படியே ஒரு மாசம்.

இன்னொரு பழைய சேலை வாங்கிக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. முப்பத்தஞ்சு ரூபா சார்.

ஒருநாள் முக்காடோட குனிஞ்சு கறந்துக்கிட்டு இருக்கேன். வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து வைத்தி குரல் கொடுக்கிறான், “யக்கோவ், எப்ப வந்தீங்க? நல்லா இருக்கீங்களா?” கொளஞ்சின்னு நினைச்சுட்டான். நான் வாயைத் திறக்கலை. தலையை மட்டும் ஆட்டினேன். அவன் விடலை. “அண்ணன் உங்களை நினைச்சு ரொம்ப இளைச்சுட்டாருக்கா”ன்னான். நான் இளைக்கவே இல்லை சார், சும்மா கதை கட்டுறான். எனக்கு வந்த கோபத்துல, “யாருடா இளைச்சது?”ன்னு எழுந்துட்டேன். பால் சொம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் சிரிச்ச சிரிப்புல சிவப்பியே மிரண்டு நின்னுது. அந்த வெட்கத்துல வீட்டுக்குள்ள போனவன், சேலையைத் திரும்பக் கட்ட மறந்துட்டேன். அன்னைக்குன்னு பார்த்து அந்தச் சந்துல பன்னி நுழைஞ்சு, நாலு சால் கருதைத் தரையோட சாய்ச்சுட்டுப் போயிடுச்சு. எண்பது சேலை நின்னு என்ன புண்ணியம்? அது பார்த்தது இல்லாத ஒண்ணைத்தான்.

நான் ஒண்ணும் வீம்புக்காரன் இல்லை. நாலு தடவை போன் பண்ணினேன் அவளுக்கு. முதல் தடவை பரண் பெட்டிச் சாவி எங்கேன்னு கேட்டேன், தன் முந்தானையில இருக்குன்னா. ரெண்டாவது, புளி எந்தப் பானையிலன்னு. மூணாவது, சிவப்பிக்கு வயித்தால போச்சு, என்ன கொடுக்கணும்னு. எல்லாத்துக்கும் பதில் சொன்னா. நாலாவது தடவை, என் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் காணோம், கொல்லை வேலைக்குப் போடுற சட்டை, ரெண்டு மாசமாத் தேடுறேன்னு சொன்னேன். “இருக்க வேண்டிய இடத்துல இருக்கு”ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. வீட்டைத் தலைகீழாப் புரட்டிட்டேன் சார். கிடைக்கலை.

அப்புறம் என் மச்சினன் அறிவழகன் பேசினான். “மாமா, அக்கா இங்க ஜோராக் கூலிக்குப் போகுது. ஆறு பொம்பளைங்களைச் சேர்த்துக்கிட்டு, மொத்தமா வேலையைப் பேசி எடுத்துச் செய்யுது. என் கொல்லையிலயும் அதுங்கதான் கருது ஒடிச்சுதுங்க. கூலியைக் கறாரா வாங்கிட்டுத்தான் போச்சு”ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கூடப் பிறந்த தம்பிகிட்டயே கூலி! அதையும் அவன் வெட்கமில்லாமச் சிரிச்சுக்கிட்டே சொல்றான். இங்கே இருந்தவரைக்கும் ஒரு நாள் என்கிட்டக் கூலின்னு கேட்டிருப்பாளா? அவ்வளவு நல்லவ சார். அங்கே போய்க் கெட்டுட்டா.

சரி, இனிமேல் தாமதிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். நேத்துக் காலையில அந்த மஞ்சள் சேலையை அவிழ்த்தேன். மழையில நனைஞ்சு, வெயில்ல காய்ஞ்சு, கிளி எச்சம், சேறு. ஓடையிலயே உட்கார்ந்து துவைச்சேன். மூணு சோப்பு கரைஞ்சுது. கை ரெண்டும் பாருங்க, இன்னும் ஊறிப்போய்க் கிடக்கு. மூணு வருஷம் பெட்டியில கலையாத நிறம், மூணு மாசத்துல வெளுத்துப் போச்சு. மேல் பாதி எலுமிச்சம்பழம், கீழ்ப் பாதி மாம்பழம். மடிக்கிறப்ப மாம்பழம் வெளியே தெரியுற மாதிரி மடிச்சிருக்கேன். மத்தபடி நல்ல சேலை. அது நின்ன பக்கம் பன்னி வந்ததே இல்லை. இதை அவகிட்டச் சொன்னா சந்தோஷப்படுவா.

இப்ப ஓடைப் பக்கம் மறுபடியும் வாய் திறந்துடுச்சு. சேலைக்காரனைப் போய்க் கேட்டேன். நாப்பத்தஞ்சுன்னான். போடா நீயும் உன் சேலையும்னு வந்துட்டேன். வீட்டுல எட்டு முழ வேட்டி ஒண்ணு, நாலு முழம் ஒண்ணு இருந்தது. ரெண்டையும் முடிச்சுப் போட்டா சரியா ஒரு சேலை நீளம். கட்டிட்டேன். மனுச வாடைதானே வேணும், என்கிட்ட இல்லாத வாடையா? இன்னைக்குக் காலையில கிளம்புறப்பத்தான் தெரிஞ்சுது, எனக்குக் கட்ட வேட்டி இல்லைன்னு. அவிழ்த்துடலாமான்னு வேலிகிட்டப் போய் நின்னேன். அவிழ்த்தா இன்னைக்குப் பன்னி வரும். அது நிக்கட்டும், நாம கைலியோட போவோம்னு வந்துட்டேன். விவசாயின்னா நாலும்தான் பார்க்கணும்.

நரிமேடு வந்துடுச்சு போல. சார், ஒரு விஷயம். முடி கலைஞ்சிருக்கா? சரி, வர்றேன். அந்தச் சுண்டு விரல் வலிச்சா மடக்கிக்குங்க.

அய்யோ. சார். கொஞ்சம் இருங்க. நான் இறங்கலை. அவளே ஏறுறா.

அதோ, முன்வாசல்ல, கையில கூடை வெச்சுக்கிட்டு. பின்னாடி இன்னும் அஞ்சு பேர், தூக்குச்சட்டியும் அரிவாளுமா. சேலைக்கு மேல சட்டை போட்டிருக்கா பாருங்க, வெயிலுக்கு. நீலக் கட்டம்! அது என் சட்டை சார்! ரெண்டு மாசமாத் தேடின சட்டை!

“ஏ கொளஞ்சி! அது என் சட்டை!”

“தெரியும். நீங்க எங்க இந்தப் பக்கம்?”

“உங்க வீட்டுக்குத்தான்.”

“கைலியோடயா? எங்கம்மா பார்த்தா என்ன சொல்லும்? வேட்டி எங்க?”

“ஓடைப் பக்கம்.”

“ஓடைப் பக்கம் வேட்டி என்ன பண்ணுது?”

“காவல். உன் சேலையை அவிழ்த்துட்டேன்ல, அந்த இடத்துக்கு.”

பாருங்க சார், அந்த அஞ்சு பேரும் எப்படிச் சிரிக்குறாளுங்க. கண்டக்டரும் சிரிக்குறார். இதுல சிரிக்க என்ன இருக்கு? அவ சிரிக்கலை பாருங்க. உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்குறா. கோபமா இருக்கும்.

“பையில என்ன?”

“நீயே பாரு.”

“யார் துவைச்சது?”

“நான்தான்.”

“எத்தனை சோப்பு?”

“மூணு.”

“அரைச் சோப்புல துவைக்கிற சேலை. கையைக் காட்டுங்க… ம்ம். மேல் பாதி வெளுத்துருக்கே?”

“வெளிச்சம் அப்படி.”

“சரி, இப்ப இதைக் கட்டிக்கிட்டு நான் எங்க போகப் போறேன்?”

சார், இதையே நான் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு. உங்களுக்கு அப்படித் தோணுதா? என்ன பதில் சொல்றது? சொல்லிக்கொடுங்க சார். நீங்களும் சிரிக்காதீங்க.

“எங்க வேணும்னாலும் போ கொளஞ்சி. போறப்பச் சொல்லிட்டுப் போ. அந்தப் பரண் பெட்டிச் சாவியையும் கொடுத்துட்டுப் போ.”

அப்பாடா. சிரிச்சுட்டா. பார்த்தீங்களா சார், சேலையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. வெளுத்த பக்கத்தை உள்ளே வெச்சுத் திருப்பி மடிக்குறா, நான் மடிச்சது சரியில்லையாம்.

“கண்டக்டர், இவருக்கு ஆத்தூர்மேட்டுக்கு ஒரு டிக்கெட் கொடுங்க. காசு நான் தர்றேன்.”

“ஆத்தூர்மேட்டுக்கு எதுக்கு? நாம வீட்டுக்குல்ல போகணும்?”

“இன்னைக்கு அங்க கருது ஒடிக்கிறோம். எங்ககூட வர்ற பவளக்கொடி பேத்திக்குக் காது குத்துன்னு வரலை, ஒரு ஆள் குறையுது. நீங்க வாங்க. கைலிதானே கட்டியிருக்கீங்க, வேலைக்கு வசதிதான். சாயங்காலம் கூலி வாங்கிக்கலாம்.”

“நான் கூலிக்கா?”

“ஏன், ஒடிக்கத் தெரியாதா?”

“தெரியாம என்ன? நம்ம கொல்லை கருது என்ன ஆகுறது?”

“நாளைக்கு நம்ம கொல்லை. பேசிட்டேன் இவளுங்ககிட்ட. ஆளுக்கு முந்நூத்தம்பது, ரெண்டு வேளை டீ, வடை கிடையாது. ஆறு ஆளுக்குக் கூலி எடுத்து வெச்சுடுங்க.”

“ஆறா? நல்லா எண்ணு கொளஞ்சி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு பேர்தானே நிக்கிறாங்க?”

“திரும்ப எண்ணுங்க.”

“அஞ்சுதான்.”

“என்னைச் சேர்த்து எண்ணுங்க.”

கேட்டீங்களா சார்? எங்க கொல்லையில, என் பொண்டாட்டிக்கு, நான் கூலி. அஞ்சு பேரும் என் மூஞ்சியையே பார்க்குறாளுங்க. அவ என்னைப் பார்க்கலை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கா. மடியில சேலையை மட்டும் இறுக்கிப் பிடிச்சிருக்கா. ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு…

“ஆறு. சரி கொளஞ்சி. ஆறு.”

நான் அப்பவே சொன்னேன்ல சார், இந்த வருஷம் செலவு எப்படி ஏறுது பாருங்கன்னு. நீங்க நம்பலை. உங்க கம்பெனியில போய் இதையும் சேர்த்தே சொல்லுங்க, மூணு ஏக்கர்க்காரன் பூவராகன் சொன்னான்னு.

இருங்க, கையை எடுத்துடாதீங்க. அந்தச் சுண்டு விரல் இன்னும் நிக்குதே. இப்ப மடக்குங்க சார்.